ஈயப் பொட்டு

பத்தொன்பது வருஷம்
பிரம்பனான் வண்டி நிறுத்தத்தில்
தாவெட் விற்றிருக்கிறேன்.
தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு,
பச்சையாய் நெளியும் மாவு, ஐஸ்.
குடித்துவிட்டுக் கேட்பார்கள்:
உள்ளே எது நன்றாக இருக்கும்?
எல்லாமே, என்பேன்.
நான் உள்ளே போனதில்லை.

இன்றைக்குச் சீட்டு வாங்கினேன்.
ஐஸ்பெட்டி இல்லாத என் கையைப் பார்த்துச்
சீட்டுக் கொடுக்கிற பையன் கேட்டான்:
வகியெம் அக்கா, யாருக்கு உடம்பு சரியில்லை?

எட்டி நின்றால் ஒரே கருந்தீ.
கிட்டே வந்தால்
எத்தனை துண்டு!

முக்காட்டை இறுக்கிக்கொண்டு
சுவரோடு நடந்தேன்.
மாடத்துக்குள் குந்தியிருக்கிறது சிங்கம்.
மரத்தடியில்
மனித முகம் வைத்த பறவைகள்.
குரங்குகள் கடலை அடைக்கின்றன,
போடுகிற கல்லையெல்லாம்
மீன்கள் விழுங்குகின்றன.
அந்த மீன்களை எனக்குத் தெரியும்.
பூமி நடுங்கிய வருஷம்
நான் கடன் வாங்கிய செங்கல்லையெல்லாம்
அவைதான் தின்றன.

வடக்கு அறையில் அவள்.
எட்டுக் கை, காலடியில் எருமை.
துர்க்கை என்கிறது பலகை,
ரோரோ ஜோங்ராங் என்கிறோம் நாங்கள்.
ஒரே இரவில் ஆயிரம் கோயில் கேட்டவள்.
ஒன்று குறையும்போது
ஊர்ப் பெண்களை எழுப்பி நெல் குத்தவைத்தாள்.
உலக்கைச் சத்தத்தை விடியலென்று நம்பிச்
சேவல் கூவிவிட்டது.
தோற்றவன் சாபத்தில் கல்லானாள்.

என் வீட்டில் அன்று
சேவல் நிஜமாகவே கூவியது.
ஆறு மணிக்கு ஏழு நிமிஷம்.
கிணற்றடியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன்,
ஸிகித் என் இடுப்பில்.
உள்ளே பார்மின் தூங்கினான்.
யாரும் யாரையும் ஏமாற்றவில்லை,
சாபம் கொடுக்கவும் ஆளில்லை.
சுவர்
தான் படுக்க இடம் பார்த்தது.

நாலு வருஷம் கழித்துத் துகிஜோ வந்தான்.
இங்கேதான் கல் பொருத்துகிற வேலை.
புல்வெளியில் குவிந்து கிடக்கின்றனவே சின்னக் கோயில்கள்,
அவற்றில் ஒரு கல்லின் பள்ளத்துக்கு
இன்னொரு கல்லின் மேட்டைத் தேடுவான்,
பொழுது சாயும்வரை.
முக்கால்வாசி சொந்தக் கல் கிடைக்காவிட்டால்
எழுப்பமாட்டார்களாம்.
அந்தக் கணக்கை என்னிடம் பார்த்திருந்தால்
நானும் பிள்ளையும் இன்னமும் கூடாரத்தில்.

ஸிகித் அவனை
'லிக்' என்றுதான் கூப்பிடுவான்.
சித்தப்பா மாதிரி,
பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

அடுத்த மாதம் ஸிகித்துக்குக் கல்யாணம்.
நேற்றுச் சாப்பிடும்போது கேட்டான்:
பத்திரிகையில் அப்பா பேர் யாருடையது?
துகிஜோ எழுந்து
கழுவின கையையே
மறுபடி கழுவப் போனான்.

அதனால்தான் வந்தேன்.
அவன் கை பகலெல்லாம் என்ன செய்கிறது
என்று பார்க்க.

மேற்குச் சுவரில் ஒருத்தி ஆடுகிறாள்.
இடுப்பு இருக்கிறது, பாதம் இருக்கிறது,
நடுவில் முழங்கால் இல்லை.
அங்கே ஒரு மொட்டைக் கல்.
செதுக்கத் தெரியாமலா விட்டார்கள்?
இப்படித்தான் இருந்திருக்கும் என்று
யாரும் அவளுக்கு ஒரு காலை இட்டுக்கட்டவில்லை.
ஆனால் மேலே உள்ள இடுப்பின் பாரத்தை
அந்தக் கல்தான் தாங்குகிறது.
அதன் மூலையில் ஈயத்தில்
கடுகளவு பொட்டு.
காவலாளி சொன்னான்:
இது புதுசு என்று அடையாளம், அக்கா.
பழையது போல நடிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

குனிந்து தொட்டேன். குளிர்ந்தது.
தூரத்துக் குவியல் ஒன்றில்
நீலத் தொப்பி போட்ட யாரோ
ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.
கூப்பிடவில்லை.

சாயங்காலம் அச்சகத்தில் எழுதிக் கொடுத்தேன்:
காலஞ்சென்ற பார்மின்,
அடுத்த வரியில் துகிஜோ,
அந்தப் பேருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.
புள்ளி எதற்கு,
அச்சுப் பிழை என்பார்களே, என்றான்.
என்னட்டும்.

முதல் பிரதியை ஸிகித்
ஒன்றும் சொல்லாமல்
அவனிடம் நீட்டினான்.
துகிஜோ கண்ணாடி தேடி மாட்டினான்.
மை சிந்தியதென்று நினைத்து
நகத்தால் சுரண்டினான்.

பிறகு
சுரண்டுவதை நிறுத்தினான்.